குமரி மாவட்டத்தில் முதல் மின்சார வண்டி: ஷோரூமுக்குப் போகும் முன் இ.பி. கார்டைப் பாருங்கள்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிற நம்ம ஊர்க்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான். கேள்வி நியாயம்தான், ஆனால் குமரி மாவட்டத்துக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கன்னியாகுமரியிலிருந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வரை போனாலே சுமார் 60 கிலோமீட்டர்தான். 30 யூனிட் (kWh) பேட்டரி உள்ள ஒரு சாதாரண கார் ஏ.சி. போட்டு, ஆள் ஏற்றி, நம்ம சாலை நெருக்கடியிலும் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்பினால் 140, 150. திருநெல்வேலி போய்த் திரும்பினால் 160. வீட்டில் இரவு முழு சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்பினால் வெளியே எங்கேயும் நிற்காமலே வீடு சேர்ந்துவிடலாம்.

அதனால் இந்த மாவட்டத்தில் மின்வண்டி நல்லபடியாக ஓடுமா என்பது பெரும்பாலும் உங்கள் வீட்டு பிளக்கைப் பொறுத்தது. வண்டியைத் தேர்வது அதற்கு அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் ஒயரிங்காரரைத் தேடுகிறார்கள், அவர் வந்து பார்த்து, வீட்டில் எர்த்தே சரியில்லை என்கிறார். கீழே சொல்லும் வரிசையில் போனால் அந்தத் தொல்லை இருக்காது.

முதலில் இ.பி. கார்டு

கடந்த ஒரு வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எத்தனை யூனிட் ஓடியது என்று எழுதி வையுங்கள். இங்கே கவனிக்க வேண்டிய எண் 500. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு அடுத்த படியின் விலையில் ஏறத்தாழ பாதிதான். 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600-ஐயும் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல் போகும்.

இப்போது வண்டிக் கணக்கைச் சேருங்கள். சின்ன, நடுத்தர கார்கள் ஒரு யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, சார்ஜ் ஆகும்போது வீணாகிற மின்சாரத்தையும் சேர்த்தால் 170 யூனிட் பக்கம் வரும், இரண்டு மாதத்துக்கு 340. வீட்டில் ஏற்கெனவே 250 ஓடுகிறது என்றால் மொத்தம் 590, 500-ஐத் தாண்டியாயிற்று. ஸ்கூட்டருக்கு இந்தக் கவலை இல்லை. ஒரு யூனிட்டுக்கு 25, 30 கிலோமீட்டர் ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு 60, 70 யூனிட்டில் முடிந்துவிடும்.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. யூனிட் 9 ரூபாய் என்றே வைத்தாலும் காருக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் பக்கம்தான் வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு ஆறு, ஏழு ரூபாய் ஆகிறது. ஆனால் ஷோரூமில் "கிலோமீட்டருக்கு 50 பைசா" என்று சொல்வதை நம்பி மனக்கணக்குப் போட்டால், முதல் பில் வரும்போது வருத்தம்தான் மிஞ்சும். உங்கள் கார்டை வைத்து உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

500-ஐத் தாண்டும் வீடுகள் கூரை சோலாரையும் சேர்த்தே யோசிப்பது நல்லது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் தரும். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஆகவே வருடம் முழுக்க 12 என்று பெருக்கிவிடாதீர்கள்.

அடுத்தது வண்டி நிற்கும் இடம், எர்த், ஒயர்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி, பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி இரவில் எங்கே நிற்கும்? சுற்றுச்சுவருக்குள் நிற்குமானால் பிரச்சினை இல்லை. நம்ம பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு நடைபாதைதான் உண்டு, கார் பக்கத்து விளையிலோ ரோட்டோரத்திலோ நிற்கும். அங்கே வரைக்கும் மண்ணுக்கடியில் குழாய் வழியே கேபிள் கொண்டுபோக முடியுமா, அந்த நிலத்துக்காரர் சம்மதிப்பாரா என்பதெல்லாம் முன்னமே பேசி முடிக்க வேண்டிய சங்கதி. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கேட்டு, தனி சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். இது எதற்கும் வழியில்லை, வீட்டிலும் இல்லை வேலை செய்யும் இடத்திலும் பிளக் கிடையாது என்றால், இப்போதைக்குக் கார் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் போடும் ஸ்கூட்டரைப் பாருங்கள்.

வீட்டு இணைப்பிலேயே சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட மத்திய மின்துறையின் வழிகாட்டி நெறிமுறை அனுமதிக்கிறது, தனி இணைப்பு வாங்க வேண்டியதில்லை. ஆனால் இ.பி.யில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் போடும் கார் சார்ஜர் 3.3 கிலோவாட் வரை இழுக்கும். அதோடு ஒரு ஏ.சி., தண்ணீர் மோட்டார், கிரைண்டர் எல்லாம் சேர்ந்தால் பழைய வீடுகளின் சர்வீஸ் ஒயர் தாங்காது. லோடைக் கூட்டித் தரச் சொல்லி உங்கள் பகுதி இ.பி. ஆபீஸில் மனு கொடுங்கள், இணையத்திலும் கொடுக்கலாம். வேலையாக இரண்டு மூன்று நடை ஆகலாம், வண்டி வரும் முன்பே முடித்துவிடுங்கள்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமா என்று ஷோரூமில் கேட்பார்கள். அதற்குப் பெரும்பாலும் த்ரீ பேஸ் இணைப்புக்கு மாற வேண்டியிருக்கும். சாதாரண சார்ஜரே இரவு எட்டு மணி நேரத்தில் 26 யூனிட் ஏற்றிவிடும், அதாவது 150 கிலோமீட்டருக்கு மேல். தினமும் அவ்வளவு ஓட்டுகிறவர் நம்மில் எத்தனை பேர்? பெரிய பேட்டரி வண்டி அல்லது வாடகைக்கு ஓடுகிற வண்டி இல்லையென்றால் அந்தப் பணத்தை எர்த்துக்கும் ஒயருக்கும் செலவழியுங்கள்.

ஒயரிங்காரரிடம் சொல்ல வேண்டியவை இவை. மீட்டர் போர்டிலிருந்து சார்ஜருக்கென்றே தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில் நல்ல 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். 7.2 கிலோவாட் என்றால் ஒயரும் எம்.சி.பி.யும் அதற்குத் தக்கபடி பெரிதாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மிக்சியை ஐந்து நிமிடம் ஓட்டுவது வேறு, எட்டு மணி நேரம் இடைவிடாமல் முழு கரண்டு இழுப்பது வேறு, லூசான ஒரு பின் போதும் பிளாஸ்டிக் உருக. இன்வெர்ட்டர் லைனிலும் சேர்க்கக்கூடாது.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜே ஏறாது, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நிற்கும். வண்டிதான் கெட்டுப்போச்சு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு, குறை மண்ணுக்குள் இருக்கும். தோவாளைப் பக்கத்துக் காய்ந்த நிலத்திலும், பாறை அடித்தளமுள்ள மேட்டு வீடுகளிலும் எர்த் குழி போட்டால் மட்டும் போதாது, மீட்டர் வைத்து அளந்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் மண் காயும்போது இது கூடும் என்பதால் பங்குனி, சித்திரையில் ஒருமுறை குழியில் தண்ணீர் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும்.

கடலோரத்தில், குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி ஊர்களில் உப்புக்காற்றுதான் எதிரி. சாக்கெட்டைக் காற்று நேரடியாகப் படாத சுவரில், மூடி உள்ள பெட்டிக்குள் வையுங்கள். பித்தளைப் பின் பச்சை பிடித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், பிடித்திருந்தால் சாக்கெட்டை மாற்றிவிடுங்கள், தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். வண்டியின் சார்ஜ் போர்ட் மூடி சரியாக அடைகிறதா என்பதும் அங்கே முக்கியம்.

இப்போது வண்டி

பேட்டரி எவ்வளவு பெரிது என்பதை உங்கள் சாதாரண நாளை வைத்து முடிவு செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சென்னை போவதற்காக இரண்டு மடங்கு பேட்டரிக்குப் பணம் கட்டுவது வீண். நாகர்கோவிலுக்குள் பள்ளி, ஆஸ்பத்திரி, வடசேரி சந்தை என்று ஓடுகிறவருக்கு 20 யூனிட் பக்கத்திலுள்ள கார் தாராளம். அடிக்கடி திருவனந்தபுரம் விமான நிலையம் போகிறவருக்கு 30-க்குக் குறையாமல் இருக்கட்டும். மதுரைக்கு மாதம் ஒருமுறை போகிறவர் 40-க்கு மேல் பார்க்கலாம்.

விற்பனைத் தாளில் உள்ள ரேஞ்ச் ஆய்வுக்கூடத்தில் அளந்தது, அதில் மூன்றில் இரண்டு பங்கு நம் சாலையில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எந்த வகை என்றும் கேளுங்கள். எல்.எஃப்.பி. வகை சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும், அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றினால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். என்.எம்.சி. வகை எடை குறைவு, தினசரி 80 சதவீதத்தில் நிறுத்துவது அதற்கு நல்லது. ஸ்கூட்டர் என்றால் ஏ.ஐ.எஸ். 156 திருத்தப்பட்ட பாதுகாப்பு விதிப்படி வந்த பேட்டரியா என்று பாருங்கள். 2022-ல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகளுக்குப் பிறகு கடுமையாக்கிய விதி அது, 2023 மார்ச் 31-லிருந்து முழுமையாக நடப்பில் உள்ளது. பழைய ஸ்கூட்டரை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் முதலில் தயாரித்த தேதியைப் பாருங்கள்.

விலையில் அண்மையில் நடந்த மாற்றங்கள் குழப்பம் தரலாம். மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2019-லிருந்தே 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ல் சின்ன பெட்ரோல் கார்களுக்கும் 350 சி.சி. வரையான பைக்குகளுக்கும் 28-லிருந்து 18 ஆகக் குறைந்ததால் இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஸ்கூட்டருக்குப் பேட்டரியின் யூனிட்டுக்கு 5,000 ரூபாய் மானியம், உச்சமாக 10,000 என்று 2024 அக்டோபரில் தொடங்கி, 2025 ஏப்ரலிலிருந்து அது பாதியாயிற்று, இருசக்கர வண்டிக்கு 2026 மார்ச் 31 வரை என்று முடிவுத் தேதியும் வைத்தார்கள். சொந்தக் கார்களுக்கு இந்தத் திட்டத்தில் மானியம் கிடையாது. ஆகவே பழைய வீடியோக்களில் சொல்லும் மானியக் கணக்கை விட்டுவிடுங்கள். நீங்கள் வாங்கும் நாளில் ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், சார்ஜர், அதைப் பொருத்தும் செலவு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை ஒரே தாளில் எழுதி வாங்கிப் பெட்ரோல் வண்டியோடு ஒப்பிடுங்கள். மின்சாரக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு, அது கணக்கில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கார் பேட்டரிக்குத் தனி வாடகை என்று 2024-லிருந்து ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. வண்டி விலை குறையும், ஓடும் கிலோமீட்டருக்கு வாடகை. மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்ட வேண்டும். கொஞ்சமாக ஓட்டுகிறவருக்கு இது கட்டுப்படியாகாது.

நம்ம தென்பக்கத்துக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் ஆலை தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்தாயிற்று. ஸ்கூட்டர்களோ முன்பிருந்தே ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் செய்து வருகிறார்கள். ஆலை பக்கத்தில் இருந்தாலும் சர்வீஸ் பக்கத்தில் கிடைத்தால்தான் நமக்குப் பயன். எந்தக் கம்பெனி வண்டியானாலும், பேட்டரியைத் திறந்து பார்க்கிற ஆள் நாகர்கோவிலிலேயே இருக்கிறாரா, திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஏற்றி அனுப்ப வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். ஏற்கெனவே அதே வண்டி வைத்திருக்கிற உள்ளூர்க்காரர் ஒருவரையாவது பார்த்துப் பேசுங்கள், விற்பவர் சொல்லாததை அவர் சொல்வார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று

பச்சை நம்பர் பிளேட்டில் சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. பேட்டரி வாரண்டித் தாளைத் தனியாக வாங்கி வையுங்கள், கார்களுக்கு வழக்கமாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அன்று மாலையே வீட்டில் சார்ஜ் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து பிளக்கையும் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி ஒயரிங்காரரைக் கூப்பிடுங்கள். முதல் மாதம் எந்தச் சாலையில் எத்தனை சதவீதம் குறைகிறது என்று கவனித்தால் போதும். அப்புறம் எந்த ஆப்பும் தேவைப்படாது, உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு இடங்களில் நம் மாவட்டம் கணக்கை மாற்றும். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை, கோதையாறு என்று மேலே ஏறும்போது சார்ஜ் வேகமாகக் குறையும், இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்துக் கொஞ்சம் திருப்பித் தரும். ஆனால் மேலே தங்குமிடத்தில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் அந்த மின்சாரத்தை வாங்கப் பேட்டரியில் இடம் இருக்காது, அந்தப் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. 80, 85-ல் இறங்குங்கள்.

இன்னொன்று ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆனி, ஆடியில் அங்கே மேற்கிலிருந்து வீசும் காற்று எப்படி என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். திருநெல்வேலிக்குப் போகும்போது அந்தக் காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போக 40 சதவீதம் ஆனது, வரவும் 40 போதும் என்று கணக்குப் போட்டு நான்குவழிச் சாலையில் 100-ல் வந்தால் கடைசியில் திண்டாட்டம். வேகத்தை 80-க்குக் குறைத்தாலே நிறைய மிச்சமாகும்.

வெளியூர் சார்ஜிங்

இப்போது வருகிற கார்களுக்கு வேகமான டி.சி. சார்ஜிங்கில் சி.சி.எஸ். 2 முனைதான் பொது. பழைய 15 கிலோவாட் நிலையங்கள் சிலவற்றில் வேறு முனை இருக்கும், அங்கே போய் நின்று பயனில்லை. ஸ்கூட்டர்கள் இன்னும் கம்பெனிக்கொரு முனை என்றுதான் இருக்கின்றன. ஏதர் ஸ்கூட்டர் கம்பெனி உருவாக்கிய முனையை 2023-ல் இந்தியத் தர அமைப்பு பொதுத் தரமாக ஏற்றது, ஹீரோ கம்பெனியின் வீடா ஸ்கூட்டர்களும் அதையே பயன்படுத்துகின்றன. மற்ற கம்பெனி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கையோடு சார்ஜரைக் கொண்டுபோவதுதான் வழி.

நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் டாடா பவர், ஜியான், ஸ்டாடிக் மாதிரி நான்கைந்து ஆப்களை இறக்கி, கணக்குத் தொடங்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள். ஓ.டி.பி. வராத இடத்தில் நின்றுகொண்டு இதைச் செய்ய முடியாது. நிலையம் வரைபடத்தில் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. பிளக்ஷேர் மாதிரி ஆப்பில் கடைசியாகச் சார்ஜ் போட்டவர் என்றைக்கு, என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள், ஓட்டல் வளாகத்திலோ பங்கிலோ உள்ள நிலையம் என்றால் போன் போட்டுக் கேளுங்கள். எப்போதும் அடுத்த நிலையத்துக்குப் போகிற அளவு சார்ஜ் மிச்சம் வைத்தே முதல் நிலையத்துக்குள் நுழையுங்கள்.

10-லிருந்து 80 சதவீதம் வரை ஏற ஒரு மணி நேரம் பக்கம் ஆகும். 80-க்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும், பின்னால் ஒருவர் காத்திருந்தால் 80-ல் எடுத்துவிடுவதுதான் மரியாதை. பொது நிலையத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து யூனிட் 20 ரூபாயைச் சுற்றி வரும், வீட்டு விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தினசரி ஓட்டத்தை அதை நம்பி வைக்க வேண்டாம்.

களியக்காவிளை தாண்டினால் ஏற்பாடே வேறு. கேரள மின்வாரியம் சாலையோர மின்கம்பங்களிலேயே ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் சார்ஜிங் முனைகளை வைத்திருக்கிறது, அதற்குத் தனி ஆப். மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்திலிருந்து அடிக்கடி பாறசாலை, நெய்யாற்றின்கரை போகும் ஆட்டோக்காரர்களுக்கு அந்தக் கம்பங்கள் உதவும். நம் பக்கம் பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் அதேபோல் வந்தால் எத்தனை ஆட்டோக் குடும்பங்கள் பிழைக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

மழைக்காலம்

மழையில் சார்ஜ் போடலாம், வண்டியும் முனையும் அதற்கேற்பத்தான் செய்திருக்கிறார்கள். நனையக்கூடாதது உங்கள் வீட்டுச் சாக்கெட். ஐ.பி. 67 பேட்டரி என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது, அதை நம்பிப் பாலத்தை மூடி ஓடும் வெள்ளத்தில் வண்டியை இறக்கக்கூடாது. வண்டி தண்ணீரில் நெடுநேரம் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி, கட்டி இழுக்காமல் தட்டு லாரியில் ஏற்றி அனுப்புங்கள், சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். வெள்ளச் சேதம் இன்சூரன்ஸில் அடங்குகிறதா என்று புதுப்பிக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. புயல் எச்சரிக்கை வந்தாலே வண்டியை முழுதாகச் சார்ஜ் போட்டு, மேட்டில், தென்னை விழாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். காற்று தொடங்கியதும் பிளக்கை எடுத்துவிட்டு எம்.சி.பி.யையும் இறக்கிவிடுங்கள். கரண்டு திரும்பி வந்ததும் உடனே போடாமல், வீட்டு விளக்குகள் ஏற்ற இறக்கம் இல்லாமல் எரிகின்றனவா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.